மழை நாளில் எடுத்த கணக்கு

மழை பதினொரு நாள் பெய்தது. நடுவில் ஒரு மதியம் மட்டும் வெயில் வந்தது. மறந்து வைத்துவிட்டுப் போன சாமானை எடுக்க வந்தவன் மாதிரி வாசலோடு நின்றுவிட்டுத் திரும்பிப் போனது. அந்த ஒரு மதியத்தை நம்பி நீலக்கை அறுபது படுக்கை விரிப்புகளைக் கொடியில் போட்டிருந்தாள். பாதி காய்வதற்குள் தூறல். பன்னிரண்டு வீட்டுப் பெண்களும் ஓடி ஓடி உருவித் தோளில் போட்டுக்கொண்டு கொட்டகைக்குள் புகுந்தார்கள். அதற்குப் பிறகு துணி முழுக்க வீட்டுக்குள்தான். அடுப்படியில் தலையணை உறை, படுக்கும் அறையில் விரிப்பு, வாசல் நடையில் டாக்டர்களின் மேலங்கி. வீட்டில் இருக்கிறவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டுமென்றால் குனிந்து கால்களைப் பார்த்து ஆளை அடையாளம் கண்டார்கள்.

துறை என்று அவர்கள் சொல்வது ஆற்றங்கரையில் அந்தப் பன்னிரண்டு குடும்பங்கள் துணி வெளுக்கும் இடத்தை. பாலத்தின் பக்கவாட்டுப் படியில் இறங்கினால் முதலில் தொட்டிகள், பிறகு துவைகற்கள், அடுத்து வெள்ளாவி வைத்து ஆவியில் துணி வேகவைக்கும் கொட்டகை. அழுக்குத் தண்ணீர் நேராக ஆற்றுக்குப் போகாது. மூன்று குழிகளில் கூழாங்கல்லும் மணலும் நிரப்பி, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வடியவிட்டு, கடைசியில் கோரைப்புல் பாத்தியில் கொண்டுபோய் விட்டிருந்தார்கள். அதற்கப்பால் தரை மெல்ல உயர்ந்து மேடாகும். நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரி, இரண்டு ஓட்டல், ஒரு மாணவியர் விடுதி, எல்லாவற்றின் வெள்ளைத் துணியும் அந்த மேட்டில்தான் காய்ந்தது. வெயில் நாளில் பாலத்தில் போகிற பஸ் டிரைவர்கள் கண்ணைச் சுருக்கிக்கொள்வார்கள். மழை நாளில் அங்கே ஒன்றும் இருக்காது. கயிறு நனைந்தால் கறுத்துத் துணியில் கோடு போடும் என்று சுருட்டி உள்ளே வைத்துவிடுவார்கள். ஆறு ஏறினால் அடித்துக்கொண்டு போகும் என்று மூங்கில் கால்களையும் உருவி அடுக்கிவிடுவார்கள்.

நீலக்கைக்கு நாற்பத்தெட்டு வயது. வெள்ளைத் துணிக்கு நீலம் போடுவதில் அவள் கையை மிஞ்ச ஆள் கிடையாது. தொட்டித் தண்ணீரை ஒரு தடவை கலக்கிப் பார்த்தாலே போதும், கூடவா குறைவா என்று சொல்லிவிடுவாள். வலது கை நகங்கள் ஐந்தும் நீலமாகவே இருக்கும். பெயர் அப்படித்தான் வந்தது. புருஷன் இஸ்திரிக்காரர். முதுகு பிடித்துக்கொண்டதிலிருந்து மூட்டை தூக்குவதை விட்டுவிட்டு மேசையோடு நின்றுவிட்டார். ஒரே மகள். துறையிலேயே முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள். எட்டு மாதமாக வட்டார வளர்ச்சித் திட்ட அலுவலகத்தில் ஒப்பந்த வேலை. ஆற்றின் இரண்டு கரையும் இனிவரும் இருபது வருஷத்தில் எப்படி வளர வேண்டும் என்று வரைந்து வைக்கிற அலுவலகம் அது. அங்கே சுவரில் ஆள் உயர எழுத்தில், 'எல்லோரையும் உள்ளடக்கிய, நிலைத்த வளர்ச்சி' என்று எழுதியிருக்கிறது என்று வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் வந்து சொன்னாள்.

"எல்லோரையும்னா, நம்மளையுமா?" என்று கேட்டாள் நீலக்கை.

"எல்லோரையும்னா எல்லோரையும்தாம்மா."

"சரி, உன் வாய் முகூர்த்தம் பலிக்கட்டும்."

பன்னிரண்டாம் நாள் காலை மழை விட்டு மேகம் மட்டும் நின்றபோது வண்டிக்காரர் வந்தார். மூன்று சக்கர வண்டியில் மூட்டை ஏற்றிக்கொண்டு நகரம் முழுக்கச் சுற்றுகிறவர். ஆஸ்பத்திரித் துணியை இறக்கி வைத்த கையோடு மடியிலிருந்து போனை எடுத்தார்.

"அக்கா, கையைத் துடைச்சுட்டு இதைப் பாரு."

"என் கை என்னைக்குக் காய்ஞ்சிருக்கு? நீயே காட்டு."

நகர அலுவலகத்துச் சுவரில் புதிதாக ஒட்டியிருந்த வரைபடம். போனில் படம் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். விரலால் பெரிதாக்கினார்.

"இது ஆறு. இது பாலம். இந்தப் பச்சை இருக்குதே, இது நம்ம மேடு."

"பச்சைன்னா நல்லதுதானே?" என்றார் இஸ்திரிக்காரர், பெட்டியில் கரியை ஊதிக்கொண்டே.

"பூங்காவாம் அண்ணே. பெஞ்சு, நடைபாதை, சைக்கிளுக்குத் தனி ரோடு. ஓரத்துல பொடி எழுத்துல இன்னொண்ணு போட்டிருக்கான். 'தற்போதைய பயன்பாடு: ஒன்பது'. ஒன்பதுன்னா என்னடான்னு கீழே தேடிப் பார்த்தேன். 'காலி இடம்'னு போட்டிருக்கு."

நீலக்கை சிரித்துவிட்டாள். "காலி இடமா? எவன்டா வந்து பார்த்தான்? கண்ணை வீட்டுல வச்சுட்டு வந்திருப்பான்."

"சிரிக்காதே அக்கா. ஆட்சேபணை சொல்ல முப்பது நாள் கொடுத்திருக்கான். அதுல பத்தொன்பது போயாச்சு. மழையில சுவர்ப் பக்கம் யாரு போனா?"

கொட்டகை வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்த மகள் டம்ளரைக் கீழே வைத்தாள். பாதி டீ அப்படியே இருந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

அன்று சாயங்காலம் அவள் அலுவலகத்திலிருந்து வந்து கைகால் கழுவிவிட்டு, ஈர விரிப்புகளைத் திருப்பிப் போட அம்மாவோடு சேர்ந்துகொண்டாள். விரிப்புக்கு இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் மகள். வெளியே வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. சோறு வெந்த வாசனையும் ஈரத் துணி வாசனையும் கலந்து வீடு புழுங்கியது.

"அம்மா."

"ம்."

"அந்த ஒன்பதைப் போட்டது நான்தான்."

நீலக்கையின் பக்கத்துத் துணி அசையாமல் நின்றது. "எந்த ஒன்பதை?"

"மேட்டுக்கு. அந்தத் தாளை எழுதினது நான்."

இஸ்திரிக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "விடு, தெரியாம எழுதியிருப்பா."

"தெரியாமலா? மேட்டை அவளுக்குத் தெரியாதா? தத்தித் தத்தி நடை பழகினதே அங்கேதான்." நீலக்கையின் குரல் இன்னும் உயரவில்லை. "சொல்லு. ஏன் போட்டே?"

"படிவத்துல எட்டு வகைதாம்மா இருந்துச்சு. வீடு, கடை, தொழிற்சாலை, பயிர், தண்ணி, ரோடு, கோயில், பள்ளிக்கூடம்-ஆஸ்பத்திரி. இதுல எதுவும் இல்லேன்னா ஒன்பது."

"துணி காயப்போடுறதுக்கு நம்பர் இல்லையா?"

"இல்ல."

"தொழிற்சாலைன்னு போட வேண்டியதுதானே? ஒரு நாளைக்கு ஆயிரம் துணி இங்கேருந்து போகுது."

"தொழிற்சாலைன்னா கூரை இருக்கணும். கதவு எண் இருக்கணும்."

"சரி. நம்பர் இல்லாததுக்கு நீ என்ன செய்வே." துணியில் சுருக்கம் எடுத்தாள். "நீ எங்கே நின்னு எழுதினே?"

"மூணு மாசம் முன்னாடி, பாலத்துல. நல்ல மழை. இறங்கினா படிவம் நனைஞ்சிரும்னு..."

"கூட யாரு இருந்தா?"

"ரெண்டு பேரு. கூட வேலை செய்றவங்க."

"கீழே என்ன இருக்குன்னு அவங்க கேட்டாங்களா?"

விரிப்பின் ஓரத்திலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சிமெண்டுத் தரையில் விழுந்தது.

"கேட்டாங்களான்னு கேட்டேன்."

"கேட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

"ஒண்ணுமில்லன்னு சொன்னேன்."

நீலக்கை விரிப்பைக் கையால் ஒதுக்கினாள். அம்மாவும் மகளும் முகத்துக்கு முகம் நின்றார்கள்.

"அந்நேரம் நான் எங்கே இருந்தேன்?"

"கொட்டகையில." மகள் விரிப்பின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். "வெள்ளாவிப் புகை வந்துச்சு. நீ உள்ளே இருக்கேன்னு எனக்குத் தெரியும். அவங்களுக்கு... நம்ம என்ன தொழில்னு நான் சொன்னதில்லம்மா. அப்பா துணிக்கடை வச்சிருக்காருன்னு சொல்லியிருந்தேன்."

"துணிக்கடை!" என்றார் இஸ்திரிக்காரர். சிரிப்பதா அழுவதா என்று அவருக்கே தெரியவில்லை. பெட்டியை எடுத்து, ஏற்கெனவே தேய்த்து மடித்திருந்த உறையின் மேல் மறுபடி ஓட்டினார்.

நீலக்கை அடிப்பாள் என்று மகள் நினைத்தாள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நீலக்கை போய்ச் சோற்றுப் பானையை இறக்கிவைத்தாள், கரண்டியைக் கழுவினாள், திரும்ப வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"ஆஸ்பத்திரித் துணியும் ஓட்டல் துணியும் சலவைக் குறி மாறிக் கலந்துட்டா என்ன செய்வோம்?"

"நாமளே போய்ச் சொல்லுவோம்."

"அவங்க கண்டுபிடிக்கிற வரைக்கும் காத்திருப்போமா?"

"மாட்டோம்."

"அப்போ நீயும் போய்ச் சொல்லு. இப்போ சாப்பிடு, சாப்பிடாம இரு, அது உன் இஷ்டம். நாளைக்குக் காலையில போய்ச் சொல்லணும்."

அவள் போனாள். மேற்பார்வையாளர் கெட்டவர் இல்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டே பேசுகிற, எப்போதும் பாதித் தூக்கத்தில் எழுந்து வந்தவர் போன்ற மனிதர். அவள் சொன்னதை முழுதாகக் கேட்டார்.

"தகவல் எல்லாம் பூட்டியாச்சும்மா. ஒண்ணைத் திறந்தா மத்ததும் ஆடும். மேலே பதில் சொல்ல முடியாது."

"தப்புன்னு தெரிஞ்சும் விட்டுருவோமா சார்?"

"கருத்துக் கேட்புக் கூட்டம் ஒண்ணு வருது. அங்கே இருக்கிறவங்க யாராவது எழுதிக் கொடுக்கட்டும். நீ கொடுக்கக் கூடாது. நீ அலுவலகத்து ஆள்."

"நான் அங்கே குடியிருக்கேன் சார்."

அவர் அவளுடைய கோப்பைத் திறந்து பார்த்தார். "இதுல வேற விலாசம்ல இருக்கு?"

அத்தை வீட்டு விலாசம். வேலைக்கு எழுதிப்போட்டபோது அவள்தான் அப்படி எழுதினாள். தலை குனிந்தாள்.

"இந்தப் பேச்சு இங்கேயே இருக்கட்டும்," என்றார் அவர். "கிளறினா முதல்ல உன் வேலைதான் போகும். கூட்டத்தன்னைக்கு மைக் கொண்டுபோய்க் கொடுக்க ஆள் வேணும். உன்னைப் போட்டிருக்கேன். வந்து நில்லு, போதும்."

துறையில் அன்றைக்கு மதியம் எல்லோரும் கொட்டகையில் கூடினார்கள். வெள்ளாவிச் சூட்டில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவது ஈரக் குளிருக்கு இதமாக இருந்தது. யாரோ ரொட்டி வாங்கி வந்திருந்தார்கள். மகள் செய்ததை நீலக்கை மறைக்கவில்லை. எழுந்து நின்று, "எழுதினது என் மகள்தான். திட்டணும்னா இப்பவே திட்டிருங்க, அப்புறம் வேலையைப் பேசுவோம்," என்றாள்.

எதிர்வீட்டுக்காரி திட்டினாள். கொடி கட்டுவதில் கெட்டிக்காரி, வாயும் அப்படி. "படிக்க வச்சோமே, படிச்சு வந்து நம்ம காலுக்குக் கீழேயே மண்ணைப் பறிக்கவா? என் பேத்தி இவளைப் பார்த்துத்தானே நானும் படிப்பேன்னு நிக்குது!"

மகள் மூலையில் நின்று அத்தனையையும் வாங்கிக்கொண்டாள்.

"முடிஞ்சுதா?" என்றாள் நீலக்கை.

"இன்னும் கொஞ்சம் இருக்கு. அப்புறம் வச்சுக்கிறேன்."

அந்த இடத்துக்குப் பட்டா இல்லை, கேட்க முடியாது என்றார் ஒருவர். பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி மெஷின் வைத்துப் பொது சலவைக் கூடம் கட்டித் தரப்போகிறார்களாமே, அதை வாங்கிக்கொள்ளலாம் என்றார் இன்னொருவர்.

"பன்னிரண்டு கிலோமீட்டரா? என் வண்டி பஞ்சர் ஆகி நானும் பஞ்சர் ஆயிருவேன்," என்றார் வண்டிக்காரர்.

"கூட்டம் எங்கே நடக்குது?" என்று கேட்டாள் நீலக்கை.

"பெரிய ஓட்டல்ல. மேல் மாடி ஹால்ல."

"நம்ம துணி எடுக்கிற ஓட்டல்தானே?"

"அதேதான். மேசைத் துணி நூத்திருபது கொட்டகையில கிடக்குது."

நீலக்கை மூலையில் கிடந்த ஓட்டல் மூட்டையைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "அதைத் துவைக்க வேண்டாம்."

சலசலப்பு எழுந்தது. ஆஸ்பத்திரித் துணியும் நிறுத்துவோம், அப்போதுதான் உறைக்கும் என்றாள் எதிர்வீட்டுக்காரி.

"ஆஸ்பத்திரித் துணி நிக்கக் கூடாது. ஆப்பரேஷன் பண்ணிப் படுத்திருக்கிறவன் நமக்கு என்ன கெடுதல் செஞ்சான்? அது எப்பவும் போலப் போகும். எப்பவும் போல என்ன, ஒரு நாள் முன்னாடியே போகும். ஓட்டல் மூட்டையை மட்டும் அழுக்காவே திருப்பி அனுப்புவோம். கேட்டா, காயப்போட இடமில்ல, அது காலி இடமாம்னு சொல்லு."

வண்டிக்காரர் அந்த நொடியே எழுந்துவிட்டார். "இதைச் சொல்றதுக்காகவே மிதிச்சுட்டுப் போவேன்."

கூட்டத்தன்று விடியும்போதே வெயில் வந்துவிட்டது. பதினைந்து நாள் கழித்து வந்த முழு வெயில். அதை விட்டுவிட்டு மேல் மாடி ஹாலில் போய் உட்காருவதென்றால் வயிறு எரியாதா? விடியற்காலையிலேயே மூங்கில் நட்டு, கயிறு கட்டி, ஆஸ்பத்திரி விரிப்புகள் நானூற்றையும் மேட்டில் போட்டுவிட்டு, காவலுக்கு இரண்டு பேரை வைத்துவிட்டு, மற்றவர்கள் நடந்தார்கள். இஸ்திரிக்காரர் முதுகுக்குத் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு வண்டியில் வந்தார். பாலத்தில் ஏறியதும் நீலக்கை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். மேட்டைப் பார்க்கக் கண் கூசியது.

ஹாலில் வட்ட மேசைகள் மொட்டையாக நின்றன. பலகை தெரிய, ஆணி தெரிய, பழைய காபிக் கறை தெரிய. ஓட்டல் ஆட்கள் ஓரங்களை மறைக்க என்னென்னவோ பூச்சாடிகளைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்தார்கள். மேடையில் திட்ட இயக்குநர் அம்மாள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "மேசை ஏன் இப்படி இருக்கு?" என்று மெதுவாகக் கேட்டது முன்வரிசை வரை கேட்டது. ஓட்டல் மேலாளர் என்ன பதில் சொன்னார் என்பது கேட்கவில்லை. துறைக்காரர்கள் இருந்த பக்கம் அவர் கை நீண்டது மட்டும் தெரிந்தது.

திரையில் படங்கள் ஓடின. பச்சைப் பூங்கா, அதில் கணினியில் வரைந்த மனிதர்கள் கணினியில் வரைந்த நாய்களோடு நடந்தார்கள். நிலைத்த வளர்ச்சி பற்றி இயக்குநர் நாற்பது நிமிடம் பேசினார். நன்றாகத்தான் பேசினார். ஆறு சுத்தமாக வேண்டும், குழந்தைகள் விளையாட இடம் வேண்டும், காற்று வேண்டும். மறுத்துச் சொல்ல ஒன்றும் இல்லாத பேச்சு. பிறகு, கருத்துச் சொல்ல விரும்புகிறவர்கள் கை தூக்கலாம் என்றார்.

நீலக்கை கை தூக்கினாள். மைக் நடந்து வந்தது. கொண்டுவந்தவள் கழுத்தில் அலுவலக அட்டை தொங்கியது. அம்மாவும் மகளும் நான்கு நாளாக வீட்டில் பேசிக்கொண்டது எண்ணி எட்டு வார்த்தை இருக்கும். மகள் மைக்கை அம்மா வாய்க்கு நேரே பிடித்தாள்.

"அம்மா, வணக்கம். நான் துணி வெளுக்கிறவ. படத்துல பூங்கா வருதே, அங்கே இப்போ நானூறு விரிப்பு காயுது. ஆஸ்பத்திரியோடது. நீங்க படுத்தாலும் அதுலதான் படுக்கணும், நான் படுத்தாலும் அதுலதான் படுக்கணும். மெஷின் வைக்கிறேங்கிறீங்க. மெஷினுக்குக் கரண்ட்டு வேணும். வெயிலுக்கு எவ்வளவு கரண்ட்டு ஆகும்?"

பின்வரிசையில் கைதட்டினார்கள்.

"தண்ணியை நாங்க மூணு குழி மாத்தித்தான் ஆத்துக்கு விடுறோம். வந்து மோந்து பாருங்க. பூங்கா வேணாம்னு சொல்லல. ஆனா எங்களைக் காலின்னு எழுதிட்டு, காலி இடத்துல பூங்கா வைக்கிறோம்னு சொல்றீங்களே, அது எப்படி?"

இயக்குநர் பொறுமையாகத்தான் பதில் சொன்னார். "உங்க சிரமம் புரியுதும்மா. ஆனா இந்தத் திட்டம் அலுவலகத்துல உக்கார்ந்து போட்டது இல்ல. எங்க ஆட்கள் ஒவ்வொரு இடமா நேர்ல போய்ப் பார்த்திருக்காங்க. கள ஆய்வுல அந்த இடம் காலின்னுதான் பதிவாகியிருக்கு. துணி எப்பவாவது போடுவீங்களா இருக்கும்..."

"அந்தத் தாளை எழுதினது நான்."

ஹால் முழுக்க ஒலித்தது. மைக் மகளின் வாய்க்குப் போயிருந்தது.

மேற்பார்வையாளர் பக்கச் சுவரோரத்திலிருந்து இரண்டு எட்டு வைத்தார். அதற்குள் இயக்குநர் கேட்டுவிட்டார்: "நீங்க யாரு?"

"உங்க ஆளுதாம்மா. கணக்கெடுப்புல இருக்கேன்." மைக்கை இரண்டு கையாலும் பிடித்தாள். "நேர்ல போய்ப் பார்க்கல. பாலத்துல நின்னு எழுதினோம். நல்ல மழை. கீழே என்னன்னு கூட இருந்தவங்க கேட்டாங்க. நான் ஒண்ணுமில்லன்னு சொன்னேன். ஒண்ணுமில்லாம இல்ல. இவங்க எங்க அம்மா. அந்நேரம் கீழே கொட்டகையில துணி வேகவச்சுட்டு இருந்தாங்க. எங்க அப்பா துணிக்கடை வச்சிருக்கல. இஸ்திரி போடுறாரு. அதோ உக்கார்ந்திருக்காரு."

இஸ்திரிக்காரருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. எழுந்து நின்று கும்பிட்டார். முதுகு பிடித்துக்கொண்டது. அப்படியே நின்றார்.

"மைக்கை வாங்குங்க," என்றார் மேற்பார்வையாளர் யாரிடமோ.

"இருங்க சார், இன்னும் முடிக்கல. மூணு மாசம் முன்னாடி அந்த மழையில நாங்க எழுதின தாள் நாற்பத்தொண்ணு. ஒரு இடத்துலயும் இறங்கல. பஸ்ஸுல உக்கார்ந்து எழுதினது இருக்கு, டீக்கடையில கேட்டு எழுதினது இருக்கு. ஒன்பதுன்னு போட்டது அதுல இருபத்தாறு. அங்கெல்லாம் என்ன இருக்குன்னு எனக்கு உண்மையிலேயே தெரியாது. உங்களுக்கும் தெரியாது."

இப்போது கைதட்டல் இல்லை. நாற்காலிகள் நகரும் சத்தம். வெவ்வேறு மூலைகளிலிருந்து ஆட்கள் எழுந்தார்கள். "எங்க சந்து அதுல வருதா?" "படகுத் துறைக்கு என்ன போட்டிருக்கீங்க?" "மாட்டுக் கொட்டில்?" திரையில் கணினி நாய் இன்னும் நடந்துகொண்டிருந்தது. இயக்குநர் கண்ணாடியைக் கழற்றி மொட்டை மேசையில் வைத்தார். பக்கத்திலிருந்தவர் காதில் ஏதோ சொல்ல வந்தபோது கையால் தடுத்தார்.

"நாற்பத்தொண்ணும் மறுபடி எடுக்கணும்," என்றார். "அதுவரைக்கும் ஆத்தோரப் பகுதிக்கு ஒப்புதல் கிடையாது. குறிப்புல எழுதிக்கோங்க." பிறகு மகளைப் பார்த்து, "நீங்க செஞ்சது ரெண்டுமே பெரிய தப்பு. எழுதினதும் தப்பு, இப்படி எல்லார் முன்னாடியும் சொன்னதும் தப்பு," என்றார்.

"ரெண்டாவது தப்பு இல்லம்மா," என்றாள் நீலக்கை, மைக் இல்லாமலே. எல்லோருக்கும் கேட்டது.

வெளியே வந்ததும் மகள் கழுத்து அட்டையைக் கழற்றி மேற்பார்வையாளர் கையில் கொடுத்தாள். அவர் நெற்றியைத் தேய்த்தார். "சொன்னேனேம்மா," என்றார். அதில் கோபத்தைவிட வருத்தம் அதிகமாக இருந்தது.

வண்டியில் இஸ்திரிக்காரர் மட்டும் ஏறினார். அம்மாவும் மகளும் வண்டிக்குப் பின்னால் நடந்தார்கள். பாலத்தில் எதிர்வீட்டுக்காரி வேகமாக வந்து மகள் பக்கத்தில் சேர்ந்துகொண்டாள்.

"அன்னைக்குக் கொஞ்சம் திட்டு மிச்சம் வச்சிருந்தேன்ல," என்றாள், "அதை அந்த நெத்தி தேய்க்கிற ஆளுக்குக் கொடுத்துட்டேன். உனக்கு இனிமே இல்ல."

நான்கு நாளில் முதல் தடவையாக நீலக்கை சிரித்தாள். "சீக்கிரம் நடங்க. வெயில் இறங்கிறதுக்குள்ள நானூறையும் மடிக்கணும்." மகளைப் பார்த்து, "நீயும்தான். இன்னைக்கு உனக்கு ஆபீஸ் இல்லல்ல?" என்றாள்.

வேலை போனதற்கான கடிதம் ஆறாம் நாள் வந்தது. மேடு தப்பித்துவிட்டது என்று சொல்லும்படியாக எந்தக் கடிதமும் வரவில்லை. மறு கணக்கெடுப்புக்கு இரண்டு மாதம் ஆகும் என்றார்கள், முடிந்த பிறகு என்ன நிறம் பூசுவார்கள் என்பது யாருக்கும் தெரியாது. ஓட்டல்காரர்கள் அழுக்கு மூட்டையை மறுபடி வெளுக்க அனுப்பினார்கள்.

ஆனால் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் படகு பழுதுபார்க்கிறவர் வந்தார். பிறகு ஆற்று மணலில் தர்பூசணி போடும் இரண்டு சகோதரிகள். பிறகு ரயில் பாதையோரம் பழைய டயரில் வாளியும் தொட்டியும் செய்கிற பெண் ஒருத்தி. "எங்க இடத்துக்கு என்ன நம்பர்னு பார்த்துச் சொல்லும்மா." மகள் நகர அலுவலகத்துச் சுவர் முன்னால் மூன்று நாள் நின்று, வரைபடத்தின் நாற்பத்தொரு தாளையும் கையால் பெரிய காகிதங்களில் பார்த்து வரைந்துகொண்டு வந்தாள். விரித்து வைக்க வீட்டில் இடம் ஏது? இஸ்திரிக்காரர் தன் மேசையில் பாதியை ஒழித்துக் கொடுத்தார். பெட்டிச் சூடு காகிதத்தில் படாமல் நடுவில் ஒரு செங்கல் வரிசை வைத்தார். வந்தவர்கள் சொல்லச் சொல்ல அவள் பென்சிலால் நிரப்பினாள்: எந்த மாதம் என்ன வேலை நடக்கும், எத்தனை பேர், மழையில் எங்கே ஒதுங்குவார்கள், தண்ணீர் எங்கிருந்து, சாமான் எந்த வழியாகப் போகும். ஒன்பது என்ற எண்ணை அவள் அழித்த இடங்களில் காகிதம் தேய்ந்து மெலிந்துபோயிருந்தது.

கூட்டம் முடிந்த பதினெட்டாம் நாள் காலை பதினோரு மணிக்கு அலுவலகத்துப் பியூன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். ஹெல்மெட்டைக் கழற்றாமலே வாசலில் நின்றான்.

"மேற்பார்வையாளர் கேட்டுட்டு வரச் சொன்னாரு. இங்கே தனியா கணக்கெடுப்பு நடக்குதாமே. யாரு அனுமதி கொடுத்தா?"

நீலக்கை தொட்டியிலிருந்து கையை எடுத்து உதறினாள். நீலத் தண்ணீர் அவன் செருப்பருகே தெறித்தது.

"உங்க வீட்டுல என்ன இருக்குன்னு உங்ககிட்டயே கேக்கிறதுக்கு யாருகிட்டத் தம்பி அனுமதி வாங்கணும்?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. கேக்கச் சொன்னாங்க, கேட்டேன்."

"சரி, கேட்டுட்டே. நீ எங்கே குடியிருக்கே?"

"நானா?" அவன் தயங்கினான். "அரவை மில்லுக்குப் பின்னாடி. ஏன்?"

மேசையிலிருந்து மகள் நிமிர்ந்தாள். "வாய்க்கால் பக்கமா, ரோட்டுப் பக்கமா?"

"வாய்க்கால் பக்கம்."

அவள் காகிதங்களைப் புரட்டினாள். முப்பத்திரண்டாம் தாளை உருவி மேலே வைத்து, சுருளாமல் இருக்க நாலு மூலையிலும் மடித்த துணியை வைத்தாள். அவன் வாசலில் நின்றபடியே எட்டிப் பார்த்தான். தெரியவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு படி ஏறினான், இன்னொரு படி ஏறினான், மேசைக்கு மேல் குனிந்தான்.

"எங்க தெருவுக்கு என்ன போட்டிருக்கு?" என்று கேட்டான். குரல் வேறு ஆளுடையதாக இருந்தது.

"அதை அப்புறம் பார்க்கலாம்," என்று மகள் பென்சிலை எடுத்தாள். "உக்காருங்க. முதல்ல நீங்க சொல்லுங்க, அங்கே என்னென்ன இருக்கு?"